இன்னும் நாலடி

வெண்டெல் தன் முப்பத்தோரடி நீளக் கேரவன் வண்டியைப் பின்னால் எடுத்து, நண்பன் ஹாலிஸின் விருந்தின் மேல் ஏற்றினான். மடக்கு மேசை அப்பளமாக நொறுங்கியது. ஐஸில் பரப்பி வைத்திருந்த மூன்று டஜன் சிப்பிகள் சக்கரத்துக்கடியில் கறக் முறக்கென்றன. ஹாலிஸ் ஆறு வருடமாகத் திறக்காமல் பொத்திவைத்திருந்த ஒயின் பாட்டில் உருண்டுபோய் ஒரு கல்லில் மோதி, போடேகா வளைகுடாவின் மணலுக்குத் தன்னைத் தானம் செய்துகொண்டது. போகிற போக்கில் சைப்ரஸ் மரக்கிளை ஒன்று வண்டியின் இடதுபக்கக் கண்ணாடியையும் பிளந்துவிட்டது.

வெண்டெல் முப்பது வருடம் பல் டாக்டராக இருந்தவன். பிறர் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டு, தலைகீழாகத் தெரியும் கடைவாய்ப் பல்லைக் குடைந்து சம்பாதித்த காசில்தான் இந்த வண்டியையே வாங்கினான். அப்படிப்பட்டவனுக்குக் கண்ணாடி பார்த்து வண்டியைப் பின்னால் எடுக்க வராது என்பதை, கலிபோர்னியாக் கடற்கரையில் இருக்கும் ஒவ்வொரு கேரவன் முகாமும் தனித்தனியாக அறிந்து வைத்திருந்தது.

அதற்குத்தான் மனைவி கொரீன். கேரவன் வைத்திருக்கும் எல்லாத் தம்பதிகளுக்கும் உள்ள ஏற்பாடு அது. ஒருவர் ஓட்ட, மற்றவர் வண்டியின் பின்மூலையில் நின்று கைகாட்டுவார். வாக்கி-டாக்கியில் "வா, வா, நிறுத்து" என்பார். கைகாட்டுபவர் கண்ணாடியில் தெரியவில்லையென்றால் அந்த இடத்திலேயே பிரேக். அது ஒன்றுதான் சட்டம். மற்றபடி கெட்ட வார்த்தைக்கெல்லாம் அனுமதி உண்டு.

கொரீன் ஓடிவந்தாள். மழைக்கோட்டின் மஞ்சள் மட்டும் முதலில் பனிமூட்டத்திலிருந்து வெளியே வந்தது, பிறகு அதற்குள் இருந்த அவள்.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? ரெண்டு கையையும் தலைக்கு மேல பெருக்கல் குறி மாதிரி வச்சிக்கிட்டு நிக்கிறேன், நீ பாட்டுக்கு வர்ற!"

கண் எங்கிருந்தது என்பதை அவன் சொல்லவில்லை. கண்ணாடியில் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு மூன்றடி தள்ளி, ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த ஹாலிஸையும் பார்த்துக்கொண்டிருந்தான். கை என்ன குறி காட்டியது என்று யார் கவனித்தார்கள்?

"நீதானே வரச் சொன்ன?" என்றான். "'வா செல்லம், இன்னும் நாலடி இருக்கு'ன்னு வாக்கி-டாக்கில சொன்னியே."

முப்பத்தைந்து வருட மணவாழ்க்கையில் அவனைக் கொரீன் கிழவா என்றிருக்கிறாள், ஹாஸ்கெல் என்று குடும்பப் பெயரைச் சொல்லி அதட்டியிருக்கிறாள். செல்லம் என்றதில்லை. அவள் தன் கையிலிருந்த வாக்கி-டாக்கியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவனை அல்ல, அவன் காதுக்குப் பக்கத்தில் எதையோ. கடல் பக்கமாக நடந்துபோனாள்.

"விடுடா," என்றான் ஹாலிஸ், பாட்டிலின் கழுத்தைப் பொறுக்கியபடி. "சிப்பிய எப்படியும் உடைச்சுத்தான் திங்கணும். வேலைய மிச்சம் பண்ணிட்ட."

இதுதான் ஹாலிஸிடம் தாங்க முடியாதது. தீயணைப்புத் துறையில் ஏணி வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவன். தன் கேரவனை ஒரே மூச்சில், ஒரு கையால், யாரும் கைகாட்டாமல் பின்னால் எடுத்து நிறுத்துவான். மனைவி செத்து ஆறு வருடமாகிறது, வயிறு இன்னும் தட்டையாக இருக்கிறது. தனியாகக் கிடக்கிறானே பாவம், கடற்கரையோரமாகப் போய்த் திராட்சைத் தோட்டங்களை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவோம், நாய்களையும் கூட்டிக்கொள்வோம் என்று இந்தப் பயணத்துக்கு அவனை அழைத்ததே வெண்டெல்தான். தன் கழுத்துக்குத் தானே கயிறு வாங்குகிறவன் விலையாவது விசாரிப்பான்.

அன்று மாலை வாஃபிள் வண்டியில் ஏறவில்லை. வாஃபிள் அவனுடைய நாய். பீகிளும் இன்னும் நான்கைந்து கலவைகளும் சேர்ந்த கிழம். ஒன்பது வருடமாக அவன் பாதத்தின் மேல் படுத்துத்தான் தூங்கும். இப்போது படிக்கட்டில் முன்காலை வைத்து, அவனைத் தாண்டி உள்ளே பார்த்து, வால் வயிற்றுக்கடியில் போக, ஒரு கால் ஒரு காலாகப் பின்வாங்கியது. நேராக ஹாலிஸின் வண்டிக்குப் போய், அங்கே ஜூனோ என்ற ஒல்லி வேட்டைநாயின் பக்கத்தில் சுருண்டுகொண்டது.

"ஜூனோவுக்கு வயிறு சரியில்ல," என்றாள் கொரீன். அவள் தலைமுடியெல்லாம் உப்புக் காற்று. "நான் அங்கயே இருந்து பாத்துக்கறேன். நீயும் வந்துடேன் வெண்டெல். நாலு பேரு படுக்கலாம்."

"நாய சேத்தா, சேக்காமலா?"

அவள் சிரிக்கவில்லை. அவன் ஜோக்குக்கு அவள் சிரித்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது என்பதால் அவனும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போகவும் இல்லை. பெண்டாட்டி அடுத்தவன் வண்டியில் படுக்கிறாள், அந்த வண்டியின் தரையில் விருந்தாளியாகப் படுக்கும் அளவுக்குத் தான் இன்னும் இறங்கவில்லை என்று தனக்குத்தானே அறிவித்துவிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு தூங்கிப்போனான்.

காலையில் கொரீனின் தலையணை ஈரமாக இருந்தது. கன்னம் வைக்கும் இடத்தில் மட்டுமல்ல, முழுக்க, பிழிந்தால் சொட்டும்போல. பாவம், எப்போதோ வந்து படுத்து அழுதுவிட்டு விடிவதற்குள் எழுந்து போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு தலையணையைத் திருப்பிப் போட்டான். அந்த ஈரத்தில் கடல் வடிந்துபோன பாறைகளின் மணம் இருந்தது.

*

உள்நாட்டுப் பக்கம் திரும்பி ஆண்டர்சன் பள்ளத்தாக்குக்குப் போகும் சாலை, ரெட்வுட் மரங்களுக்கு நடுவே நூல்கண்டு அவிழ்ந்ததுபோல் வளைந்து வளைந்து போகும். உச்சியில் வெயில் இருந்தாலும் தரைக்கு வந்து சேர்வதற்குள் அது பச்சையாகிவிடும், இலைச்சருகு ஊறிய மணமும் பழைய மரப்பெட்டியைத் திறந்த மணமும் சன்னல் வழியே மாறி மாறி வரும், பின்னால் அலமாரியில் தட்டுகள் ஒவ்வொரு வளைவுக்கும் ஒன்றோடொன்று உரசிப் புலம்பும். கொரீன் அவனோடு வரவில்லை. முன்னால் போகும் ஹாலிஸின் வண்டியில், அவனுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் வாஃபிள். அது மட்டுமா, எண்பதடி தூரத்தில் அந்த வண்டியின் பின்கண்ணாடி வழியே அந்த இரண்டு தலைகளும் எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்பதைக்கூட அளந்துவிட்டான்.

டிங், டிங் என்றது வண்டி. பக்கத்து இருக்கையின் சீட் பெல்ட் விளக்கு எரிந்தது. யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், பெல்ட் போடவில்லை என்று அர்த்தம். இருக்கையில் ரொட்டிப் பை இருந்தது. அதை எடுத்துக் கீழே போட்டான். டிங், டிங். நிற்கவில்லை. இந்த மாதிரித் தொல்லைக்கு எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். ஒரு கையால் ஓட்டிக்கொண்டே எட்டி, பெல்ட்டை இழுத்து, வெற்று இருக்கைக்குக் குறுக்கே போட்டு மாட்டினான். சத்தம் நின்றது. மாட்டும்போது பெல்ட் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது.

அப்போதுதான் வாக்கி-டாக்கி கரகரத்தது.

"வளைவு வருது. மெதுவா."

"வந்துட்டியா?" என்றான். குரலில் சந்தோஷம் தெரியாமல் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை. "கோவம் போயிடுச்சா?"

"உன்மேல எனக்கு என்ன கோவம்?"

நாற்பது மைல் பேசினார்கள். அவன் தன் பழைய நோயாளிகளைப் பற்றிச் சொன்னான். பல்லைப் பாதி பிடுங்கும்போதே எழுந்து ஓடிய போலீஸ்காரனைப் பற்றிச் சொன்னான். அவள் சிரித்தாள். கொரீனின் சிரிப்புதான், கல்யாணமான புதிதில் இருந்த அதே சிரிப்பு, அடியில் லேசாக நீர் அலம்புகிற மாதிரி. பல வருடமாகச் சொல்லாததையெல்லாம் சொன்னான். அவளை ஹாலிஸோடு பார்க்கும்போது நெஞ்சில் யாரோ துளையிடும் மெஷினை வைக்கிறார்கள் என்றுகூடச் சொன்னான்.

"அவன் பக்கத்துல உக்காந்திருக்கானே. இதெல்லாம் கேக்குதா அவனுக்கு?"

"கேட்டா என்ன? நான் உன்கூடத்தானே இருக்கேன்."

முன்வண்டியில் இரண்டு தலைகளும் இன்னும் நெருங்கின.

"அவங்க ரெண்டு பேரும் உன்னப் பத்தித்தான் பேசிக்கறாங்க," என்றது குரல்.

"யாரு ரெண்டு பேரும்?"

கரகரப்பு. பிறகு ஒன்றுமில்லை. கடலிலிருந்து முப்பது மைல் தள்ளி, மரங்களுக்கு நடுவே, வண்டிக்குள் கடற்பாசி நாறியது.

*

ஃபைலோ ஊருக்கு வெளியே இருந்த திராட்சைத் தோட்டத்தில் வெயில் நன்றாகவே அடித்தது. மரத்தடியில் மேசை, பாலாடைக்கட்டி, கண்ணாடிக் கோப்பைகளில் வெளிறிய சிவப்பு ஒயின். பக்கத்து மேசைகளில் ஜனங்கள் மூக்கைக் கோப்பைக்குள் விட்டுப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். பயப்படுவதற்கு அதைவிட அசட்டுத்தனமான இடம் இருக்க முடியாது.

வெண்டெல் வண்டியை விட்டு இறங்கியதும் வாஃபிள் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது. பாதி தூரத்தில் நின்றது. அதன் பார்வை அவன் முகத்திலிருந்து மெல்ல நகர்ந்து, தோளுக்கு மேல் போய், அங்கேயே தங்கியது. தோட்டத்து வெயிலில் நின்றுகொண்டு அந்த நாய் நடுங்கியது.

"சரி, நீயும் அந்தக் கட்சிதான்," என்றான் அவன்.

கொரீனிடம் போய்க் குனிந்து, "தேங்க்ஸ்," என்றான். "நாப்பது மைலும் கூடவே வந்ததுக்கு. ரொம்ப நாளாச்சு இப்படிச் சிரிச்சு."

அவள் கோப்பையை மேசையில் வைத்தாள். வைத்த வேகத்தில் ஒயின் விளிம்பைத் தாண்டியது. "நாப்பது மைலா? வெண்டெல், என் வாக்கி-டாக்கி..."

ஹாலிஸ் அவள் முழங்கையைப் பிடித்தான். அழுத்தவில்லை, தொட்டான், அவ்வளவுதான். அவள் பாதியில் நிறுத்தினாள். அவர்கள் பார்த்துக்கொண்ட பார்வையில், பல வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு மட்டும் வருகிற வசதி இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவன் கழிப்பறைக்குப் போய்த் திரும்பினான். திராட்சைக் கொடி வரிசைகளுக்கு நடுவே இருவரும் நின்றிருந்தார்கள். அவள் இரண்டு கைகளும் ஹாலிஸின் கைகளுக்குள் இருந்தன. அழுதுகொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் இருவரும் ஒரே சமயத்தில் ஒரு அடி பின்னால் போனார்கள்.

"டேய் ஹாலிஸ்," என்றான் வெண்டெல். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். சிரிக்காமல் எதையும் கேட்கத் தெரியாது அவனுக்கு. "நேராவே கேக்கறேன். என் பொண்டாட்டிமேல உனக்கு ஒரு இது இருக்கா?"

ஹாலிஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். எரியும் கட்டிடங்களுக்குள் போய் வந்தவன். அவன் உதடு வெளுத்திருந்தது.

"வண்டிய இங்கயே விட்டுடு வெண்டெல். சாவியக் குடுத்துட்டுப் போவோம், யாராவது எடுத்துட்டு வருவாங்க. மூணு பேரும் என் வண்டியில ஊருக்குப் போயிடலாம். இப்பவே."

"மூணு பேரும். நான் எங்க உக்காரட்டும்? நாய்ங்க கூடவா?"

"எங்க வேணா உக்காரு. சொல்றதக் கேளுடா."

"நான் கேட்டதுக்கு நீ பதில் சொல்லலையே."

ஹாலிஸ் பதில் சொல்ல வாயெடுத்தான். அவன் கண்ணும், நாயின் கண்ணைப் போலவே, வெண்டெலின் தோளுக்கு மேல் ஒருமுறை போய் வந்தது. "அப்புறம் பேசலாம்," என்றான்.

வெண்டெல் தன் வண்டிக்கு நடந்தான். தனியாகத்தான் நடந்தான். சரளைக் கற்களில் அவன் காலடிச் சத்தம் கேட்டது, ஒவ்வொன்றுக்கும் சற்றுப் பிந்தி, ஈரத்துணி தரையில் படுவதுபோல் இன்னொன்று.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அவர்கள் கைகோத்து நிற்பதைப் பார்க்க வேண்டிவரும் என்று காரணம் சொல்லிக்கொண்டான். நல்ல காரணம். முதுகெல்லாம் வியர்த்திருந்தது.

*

பாயிண்ட் அரீனாவுக்குத் தெற்கே அவர்கள் பதிவு செய்திருந்த முகாம் ஒரு செங்குத்துப் பாறையின் உச்சியில் இருந்தது. மாலை நான்கு மணிதான். ஆனால் பனிமூட்டம் கடலிலிருந்து ஏறிவந்து, வேலியை விழுங்கி, புல்லை விழுங்கி, சூரியனை ஒரு வெளிறிய மாத்திரையாக்கி விட்டிருந்தது. எங்கோ கப்பல்களுக்கான எச்சரிக்கைச் சங்கு அரை நிமிடத்துக்கு ஒருமுறை பெருமூச்சு விட்டது. ஹாலிஸ் அவனுக்கு முன்பே வந்து வண்டியை நிறுத்தியிருந்தான், ஒரு கையால்தான், சந்தேகமென்ன.

வெண்டெலின் இடம் அதற்கு அடுத்தது. சரளைத் தரை, பிறகு புல், பிறகு என்ன என்று தெரியவில்லை. இடதுபக்கக் கண்ணாடியை டேப் ஒட்டிக் கட்டியிருந்தான். அதில் எல்லாமே நான்கு துண்டாகத் தெரிந்தது. பின்பக்கக் கேமரா போன வருடமே குருடாகிவிட்டது. மிச்சம் வலப்பக்கக் கண்ணாடி மட்டும். யாரையும் கூப்பிடக் கூடாது என்று முடிவு செய்து கியரைப் பின்னுக்குத் தள்ளினான்.

வலப்பக்கக் கண்ணாடியில், வண்டியின் பின்மூலையில், மஞ்சள் நிறம் ஒன்று நின்றிருந்தது.

அவனுக்குக் கண் கலங்கியது. எவ்வளவு சண்டை போட்டாலும் இந்த நேரத்துக்கு வந்துவிட்டாளே. இரண்டு கைகளையும் உயர்த்தி, உள்ளங்கையைத் தன் பக்கம் திருப்பி, அழகாக, பொறுமையாக அழைத்தாள். வா. வா.

"வா செல்லம்," என்றது வாக்கி-டாக்கி. "இன்னும் நாலடி இருக்கு."

வண்டி பின்னால் நகர்ந்தது. சக்கரத்துக்கடியில் சரளை முணுமுணுத்தது. பிறகு முணுமுணுப்பு அடங்கி, புல்லின் மெத்தென்ற மௌனம். வாழ்நாளில் இவ்வளவு நேராக அவன் பின்னால் எடுத்ததில்லை.

"அப்படித்தான். வா."

"ஹாலிஸ் பாக்கறானா?" என்று கேட்டான். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டான்.

"எல்லாரும் பாக்கறாங்க. வா."

அலைச் சத்தம் கேட்டது. பின்னாலிருந்து கேட்டிருக்க வேண்டும்.

கீழேயிருந்து கேட்டது.

"இன்னும் நாலடி."

தட். தட். தட்.

முன்கண்ணாடியை யாரோ அறைந்தார்கள். அவன் பிரேக்கை மிதித்தான். வண்டி முனகியது, பின்பக்கம் லேசாக அமிழ்ந்தது, நின்றது.

முன்னால், கண்ணாடியோடு ஒட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் அதன் மேல் வைத்துக்கொண்டு கொரீன் நின்றிருந்தாள். சட்டை மட்டும் போட்டிருந்தாள். மழைக்கோட்டு இல்லை. தலைமுடி முகத்தில் ஒட்டியிருந்தது. அவளுக்குப் பின்னால் ஹாலிஸ், ஒவ்வொரு கையிலும் ஒரு நாயின் கயிறு. நாய்கள் குரைக்கவில்லை. காதை மடக்கிக்கொண்டு வண்டியையே பார்த்தன.

கொரீனின் வாய் மூடியிருந்தது.

"வா," என்றது கொரீனின் குரல்.

வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். மஞ்சள் இல்லை. யாரும் இல்லை. வெறும் பனி.

அந்த நிமிடத்தில் ஒரு புத்திசாலி கதவைத் திறந்து குதித்திருப்பான். வெண்டெலுக்கு அது தெரிந்தது. ஆனால் இரண்டு நாளாக நெஞ்சில் கிடந்த கேள்வி எல்லாவற்றையும் முந்திக்கொண்டு வெளியே வந்தது. பக்கத்துச் சன்னல் நான்கு விரல் அளவுக்குத் திறந்திருந்தது, அது போதும்.

"கொரீன்! உண்மையச் சொல்லு. நீ அவனோட போறியா?"

"இல்ல!" என்று கத்தினாள். அழுதுகொண்டே கத்தினாள். "இல்லடா கிழவா! எனக்கு அவன் வேணாம். முப்பத்தஞ்சு வருஷமா எனக்கு வேற யாரும் வேணும்னு தோணினதே இல்ல. நீதான் வேணும். கீழ இறங்கு!"

என்னவொரு நிம்மதி. அசடன்போல் சிரிப்பு வந்தது அவனுக்கு. "அப்ப ஏன் ரெண்டு நாளா நீங்க ரெண்டு பேரும் குசுகுசுன்னு..."

"உன்கிட்டச் சொல்லவே முடியல! நீ தனியா இருந்தாத்தானே சொல்ல? என் வாக்கி-டாக்கிய முதல் நாள் சாயங்காலமே கடல்ல வீசிட்டேன். அதுல யாரோ உன்னக் கூப்பிடறது கேட்டுது. என் குரல்ல. மழைக்கோட்டு அன்னைக்கு ராத்திரியே காணோம். பேசினது வண்டிக்குள்ளதான் இருக்குன்னு நெனச்சோம். தோட்டத்துல நீ இறங்கினே, உன்கூடவே இறங்கிச்சு."

சட்டைக் காலர் ஈரமாக இருந்தது. எப்போதிருந்து என்று தெரியவில்லை. தோளில் கனமாக ஏதோ இருந்தது. நாய் தலை வைத்துப் படுப்பதுபோல் பழக்கமான கனம். கழுத்தோரம் கடல் மணம்.

"எது?" என்றான். "கொரீன், எது?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் காதுக்குப் பக்கத்தில் பார்த்தாள். இந்த முறை பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை. குரல் தணிந்துவிட்டது, ஆனாலும் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"ஒரு பொம்பள, வெண்டெல். உன் சீட்டுக்குப் பின்னாடி நிக்கறா. என் கோட்டப் போட்டிருக்கா. மோவாய உன் தோள்ல வச்சிருக்கா. நீ பேசறப்பல்லாம் கண்ண மூடிக் கேட்டுக்கிட்டிருந்தா. இப்பத் தொறந்துட்டா." முன்கண்ணாடி அவள் மூச்சுப் பட்டு மங்கியது. "ரெண்டு நாளா நீ ஹாலிஸ ஒரு பார்வை பாத்தியே. அப்படித்தான் அவ இப்ப என்னப் பாக்கறா."

வெண்டெலின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. பிரேக்கிலிருந்த காலைக் குளிர்ந்த விரல்கள் கணுக்காலில் பற்றி, மெதுவாக, பிரியத்தோடு, மேலே தூக்கின.

கியர் முன்னோக்கி, கொரீன் நின்ற பக்கமாக, நகர்ந்து பொருந்தியது.